தங்கராஜின் முதுகு

"குர்பிரீத் இருந்திருந்தா அந்தப் பந்து கையில இருந்திருக்கும்ணா."

கீப்பர் தம்பி இதைச் சொன்னது 2025 ஜூன் 11 சாயங்காலம். முந்தின நாள்தான் ஹாங்காங்கில், ஹாங்காங்குக்கு எதிராக, ஆசியக் கோப்பை ஃபுட்பால் தகுதிச் சுற்று ஆட்டம். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் உயரமாக வந்த பந்தைக் குத்தித் தள்ள நம் கீப்பர் விஷால் கைத் ஏறி வந்தார், ஃபவுல் ஆனது, பெனால்டி. 0-1 என்று தோற்றோம். நம் இன்னொரு கீப்பர் குர்பிரீத் சிங் சந்து அந்த அணியிலேயே இல்லை.

பெரம்பூரில் நாங்கள் உட்காரும் டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு யாருக்கும் டீ இறங்கவில்லை. ஆட்டோ ஓட்டும் அண்ணன் முதலில் வாய் திறந்தார். "ஏன்டா, ஐ.எஸ்.எல்.ல இந்த சீசன் கோல்டன் குளோவ் வாங்குனது யாரு? விஷால் தானே? ஒரு பந்துல ஆளையே தூக்கிப் போட்டுடுவியா?" வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பன் நடுவில் நுழைந்து பழைய கீப்பர் சுப்ரதா பாலை இழுத்தான். 2011 ஆசியக் கோப்பையில் தென்கொரியாவிடம் 4-1 என்று தோற்றபோதும், அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பேசியது சுப்ரதாவைப் பற்றித்தான். பத்திரிகைகள் 'ஸ்பைடர்மேன்' என்று எழுதின. "அவருக்குப் பின்னாடிதான் எல்லாரும்" என்றான்.

அப்போதுதான் பெஞ்சின் ஓரத்தில் இருந்து தாத்தா சொன்னார்: "தங்கராஜ்."

ஒரு பெயர் மட்டும். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு பெயர் எங்களை செப்டம்பர் வரை இழுத்துக்கொண்டு போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த பெஞ்சைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஃபுட்பால் என்பது டிவியில் பார்க்கிற விளையாட்டு மட்டும் இல்லை. பக்கத்தில் வியாசர்பாடி. தனபால் கணேஷும் நந்தகுமாரும் அங்கிருந்து போனவர்கள்தான். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தபோது அந்த ஒரு கோல் நந்தகுமார் அடித்தது. கொல்கத்தாவே கொண்டாடிய அந்த ராத்திரி எங்கள் பக்கத்திலும் பட்டாசு வெடித்தது. சீசன் நடக்கும்போது நாங்கள் மேட்சைப் பற்றிப் பேசுவோம். சீசன் முடிந்துவிட்டால் மனிதர்களைப் பற்றிப் பேசுவோம். சேத்ரியா ஐ.எம். விஜயனா, ஜர்னைல் சிங்கா ஜிங்கனா, ராமன் விஜயன் இன்றைக்கு இருந்தால் எந்த கிளப் எடுத்திருக்கும், இப்படி. ஒவ்வொரு கோடையிலும் இது நடக்கும். ஆகஸ்ட் வந்து டூரண்ட் கோப்பை தொடங்கியதும் தானாக அடங்கிவிடும்.

அந்த வருஷம் அடங்கவில்லை. ஏப்ரல் 12ஆம் தேதி ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக், இறுதியாட்டம் முடிந்தது. ஜூலை 11ஆம் தேதி லீக்கை நடத்துகிறவர்கள் அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாகக் கடிதம் எழுதிவிட்டார்கள். இந்திய ஃபுட்பால் கூட்டமைப்போடு 2010இல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்காமல் எப்படித் தொடங்குவது என்பது காரணம். சில கிளப்கள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. அடுத்த மேட்ச் எப்போது என்றே தெரியாத ஒரு இடைவெளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கீப்பர் தம்பிக்குப் பத்தொன்பது வயது. சென்னை லீக்கில் கீழ்ப் பிரிவு ஒன்றில் நிற்கிறான். மேலே லீக்கே இல்லை என்றால் இவன் ஏறிப்போக ஏணி எங்கே? அந்த வயிற்றெரிச்சல் எல்லாம் சேர்ந்துதான் அந்த வாதத்தில் இறங்கியது என்று இப்போது நினைக்கிறேன். நடக்காத ஆட்டத்துக்குப் பதிலாக நடந்துமுடிந்த ஆட்டங்களைப் பிடித்துத் தொங்கினோம்.

பீட்டர் தங்கராஜைப் பற்றி முதலில் நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்களில் ஆடி, ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்தார். ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர், பிறகுதான் கோலுக்குப் போனார். அந்த அணி 1955, 1958 இரண்டு வருஷமும் டூரண்ட் கோப்பையை வென்றது. மலைமேல் இருக்கும் ஒரு ரெஜிமென்ட் அணி, கொல்கத்தாவின் பெரிய கிளப்கள் எல்லாம் கண்வைத்த கோப்பையை இரண்டு முறை தூக்கியது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் தங்கராஜ் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானார். பிறகு கொல்கத்தா போய் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் நின்றார். 1967இல் அர்ஜுனா விருது. கடைசிக் காலம் பொக்காரோவில், 2008இல் காலமானார்.

இவ்வளவுதான். ஒரு பத்தி.

தாத்தாவிடம் இருந்தது வேறு. அவருக்கு எண்பத்தொரு வயது. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பிறந்து வளர்ந்தது வெலிங்டன். அவருடைய அப்பாவுக்கு ரெஜிமென்ட் சமையற்கூடத்தில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் கிரவுண்டுக்கு ஓடி, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவதுதான் அவருக்கும் அவர் சேக்காளிகளுக்கும் வேலை.

"அவரு மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லப்பா. அதெல்லாம் பின்னாடி பேப்பர்ல ஃபோட்டோ பாத்து வந்தது. நான் பாத்தது முதுகு. கோலுக்குப் பின்னால நிக்கிறவன் வேற எதைப் பாப்பான்?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. தொடர்ந்து சொன்னார்.

"பிராக்டீஸுக்கு எல்லா நாளும் வலை கட்ட மாட்டாங்க. வலை இல்லாத நாள்ல கோல் போச்சுன்னா பந்து நேரா சரிவுல இறங்கிடும். நாங்கதான் ஓடிப்போய் எடுத்துட்டு வரணும். மத்த கீப்பர் நின்னா ஓடி ஓடி நாக்குத் தள்ளிடும். அவரு நிக்கிற அன்னிக்கு நான் நின்னது நின்னபடி நிப்பேன். குளுருதுன்னு நானே குதிச்சுக்கணும்."

ஒரு கீப்பரைப் பற்றி இதைவிட நல்ல கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. பந்து பொறுக்கும் ஒரு பையன் ஓடாமல் நின்ற நேரம்.

ஆனால் கீப்பர் தம்பி அசையவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் விடாமல் கேட்டான். "தாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பெல்லாம் நம்ம பேக் திருப்பிக் குடுத்தா கீப்பர் கையில எடுத்துக்கலாம். இப்ப எடுக்க முடியுமா? காலாலதான் ஆடணும். மேல ஏறி வர்ற ஃபார்வர்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, இடது காலால பேக்குக்குப் பாஸ் குடுக்கணும். தங்கராஜ் சாரை இன்னிக்கு நிக்க வெச்சா முதல் பத்து நிமிஷத்துல மாட்டிப்பாரு."

இது லேசான வாதம் இல்லை. 1990 உலகக் கோப்பையில் ஆட்டங்கள் மந்தமாகிப் போனதற்கு ஒரு முக்கியக் காரணமே இதுதான்: முன்னணியில் இருக்கும் அணி பந்தை கீப்பரிடம் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து நேரத்தைக் கொன்றது. 1992இல் விதியை மாற்றினார்கள். தன் ஆள் வேண்டுமென்றே காலால் தள்ளிவிட்ட பந்தை கீப்பர் கையால் தொடக் கூடாது. ஒரே வரி. ஆனால் கோல்கீப்பர் என்ற வேலையே அன்றைக்கு மாறிப்போனது. குர்பிரீத் பிறந்தது அதே 1992இல், பிப்ரவரியில். பழைய விதியில் அவர் ஒரு நாள்கூட ஆடியதில்லை. தங்கராஜ் புது விதியில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. 2019இல் இருந்து கோல் கிக்கைப் பெட்டிக்குள்ளேயே தன் ஆளுக்குத் தட்டிவிடலாம் என்று வந்தது. கீப்பர் காலுக்கு இன்னும் வேலை கூடியது. 2025 ஜூலையில் இருந்து எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். தம்பி அதை ஏற்கெனவே எண்ணி எண்ணிப் பழகிக்கொண்டிருந்தான். வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுத்தபடி.

தாத்தா கேட்டுக்கொண்டார். பிறகு அவர் பக்கம்.

"உன் கையில என்ன மாட்டியிருக்க?"

"கிளவுஸ்."

"எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து சொச்சம்."

"எங்க காலத்துல மழையில ஊறுன தோல் பந்து. வெறுங்கையில வந்து விழும். மேல வந்து இடிக்கிறவனை ரெஃப்ரி ஒண்ணும் சொல்ல மாட்டான். பந்தோட சேத்து உன்னையும் கோலுக்குள்ள தள்ளலாம். இப்ப உன்னைத் தொட்டா விசில். ஹாங்காங்ல என்ன ஆச்சு? கீப்பர் போயி ஆளை இடிச்சாரு. அன்னிக்கு ஆளு வந்து கீப்பரை இடிப்பான்."

இதுவும் உண்மைதான். தோளால் இடித்து கீப்பரைச் சாய்ப்பது அந்தக் காலத்தில் முறையான ஆட்டம். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சும் கிடையாது. உலகக் கோப்பையிலேயே 1970இல்தான் மாற்று ஆள் இறக்க அனுமதி வந்தது. 1956இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கீப்பர் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே கடைசிவரை நின்றார். பதிலுக்கு இறங்க ஆள் இல்லை. அந்த உலகத்தில் கோலுக்கு முன்னால் நிற்பதற்கு வேண்டிய உடம்பு வேறு, நெஞ்சு வேறு.

இப்படி இரண்டு பக்கமும் சமமாக நின்றது சில வாரங்கள். நான் தங்கராஜ் கட்சி. அது வாதத்தால் வந்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் கட்சிக்கு அன்றைக்குக் காரணம் 1962தான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இந்திய ஃபுட்பாலின் உச்சி அது. சையத் அப்துல் ரஹீம் கோச். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து ஆறு தையல். பேக் ஆடுகிற ஆளை, தலையில் கட்டோடு, ஃபார்வர்டாக இறக்கினார் ரஹீம். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம், மறுபடியும் அதே தென்கொரியா. செனயான் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர், எல்லாரும் நமக்கு எதிராகக் கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விளையாட்டுகளுக்கு அழைக்காததை நம்மூர் விளையாட்டு நிர்வாகி ஒருவர் கண்டித்துப் பேசியதில் ஊரே கொதித்துக் கிடந்தது. அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கத்தியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், இரண்டும் முதல் இருபது நிமிடத்துக்குள். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. தங்கம். அணிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சுனி கோஸ்வாமி, பலராம், அருண் கோஷ் என்ற பெயர்களுக்கு நடுவே அருமைநாயகம், எத்திராஜ் என்று நம் காதுக்குச் சொந்தமான பெயர்கள். கோலில் தங்கராஜ். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த வருஷமே போய்விட்டார்.

தாத்தா அந்த வருஷம்தான் பதினெட்டு வயதில் மலையிறங்கி ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தார். மறுநாள் பேப்பரில் அந்தப் பெயரைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் "எனக்குத் தெரிஞ்சவரு" என்று சொன்னாராம். யாரும் நம்பவில்லையாம்.

"மைதான் படம் பாத்தேன் தாத்தா. சூப்பரா புடிக்கிறாரு" என்றான் தம்பி. ரஹீமின் கதையை 2024இல் இந்தியில் படமாக எடுத்தார்கள்.

"அது நடிகர் புடிச்சது" என்றார் தாத்தா. கோபமாக இல்லை. வருத்தமாக.

அந்த வருத்தம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். தங்கராஜ் ஆடிய ஒரு முழு ஆட்டம், வேண்டாம், ஒரு முழுப் பாதி, எங்கேயாவது பார்க்கக் கிடைக்குமா என்று. எனக்குக் கிடைக்கவில்லை. புகைப்படங்கள் கிடைத்தன. நிற்கிறார், கை கட்டியிருக்கிறார், குழுவாக இருக்கிறார்கள். பறக்கிற தங்கராஜ் இல்லை.

கோல் அடித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவு இல்லை. சுனில் சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் விடைபெற்றபோது 94 கோல். திரும்ப வந்து 2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிராக 95. நூறு வருஷம் கழித்து ஒருவன் அந்த எண்ணைப் பார்த்தால் ஆளின் அளவு கொஞ்சமாவது தெரியும். நெவில் டிசூசா என்றால் 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஐ.எம். விஜயனை நம் ஆட்கள் நிறையப் பேர் 'திமிரு' படத்து வில்லனாகத்தான் அறிவார்கள். இருந்தாலும் 1999இல் பூடானுக்கு எதிராக பன்னிரண்டாவது விநாடியில் அடித்த கோல் பதிவில் இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். கீப்பருக்கு என்ன எடுத்துக் காட்டுவது? அவன் செய்த வேலை எல்லாம் நடக்காமல் போன காரியங்கள். உள்ளே போகாத பந்துக்கு ஸ்கோர்போர்டில் இடம் இல்லை. ஜகார்த்தாவில் அன்றைக்குத் தங்கராஜ் எத்தனை பந்தைத் தடுத்தார் என்ற எண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை. 2019 செப்டம்பரில் தோஹாவில், ஆசியச் சாம்பியனான கத்தாரை 0-0 என்று நிறுத்தியபோது கத்தார் 27 முறை கோலை நோக்கி அடித்தது என்று நமக்குத் தெரியும். சேத்ரி காய்ச்சலில் ஆடவில்லை, குர்பிரீத்துதான் கேப்டன். ஒவ்வொரு தடுப்பையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

தம்பி அந்த கத்தார் ஆட்டத்தைத்தான் கடைசி ஆயுதமாக வைத்திருந்தான். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வீசினான். "அண்ணா, தங்கராஜ் சாருக்கு முன்னாடி யாரு நின்னாங்க? ஜர்னைல் சிங், அருண் கோஷ். ஆசியாவுலயே பெஸ்ட் பேக்ஸ். பந்து அவர்கிட்ட வர்றதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிரும். குர்பிரீத்துக்கு இருபத்தேழு ஷாட். மோசமான டீமுக்கு நிக்கிறவனுக்குத்தான் வேலை. எந்த கீப்பர் பெருசுன்னு பாக்கணும்னா, அவன் முன்னாடி நின்ன நாலு பேரையும் சேத்துப் பாக்கணும். நீங்க மெடலைப் பாக்குறீங்க."

பெஞ்சு அமைதியானது. தாத்தா அவனை நிமிர்ந்து பார்த்தார். "இது சரியான பேச்சு" என்றார்.

எனக்கும் சுருக்கென்று இருந்தது. நான் மெடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீப்பராக நிற்கிறவன்தான் இதைச் சொல்ல முடியும். அவன் டீம் அந்த வருஷம் எத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டது என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் சேறு அப்பிய முழங்காலோடு வருவான்.

அன்றிலிருந்து என் வாதத்தைப் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. தேடியபோது, கண் முன்னாலேயே கிடந்த ஒன்று அகப்பட்டது. ஜகார்த்தாவில் தங்கராஜுக்குக் காய்ச்சல். அவர் படுத்துவிட்டதால் பிரத்யுத் பர்மன் நின்றார். அரையிறுதி ஜெயித்ததும் பர்மன் கோலில் நின்றுதான். இறுதியாட்டத்துக்கு ரஹீம் என்ன செய்தார்? ஜெயித்துக்கொண்டிருக்கும் கீப்பரை உட்காரவைத்து, காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜைத் திரும்ப இறக்கினார். எந்த கோச்சும் யோசிக்கிற முடிவு அது. ஜெயிக்கிற அணியைக் கலைக்காதே என்பது எங்கள் தெரு டீமில்கூடச் சட்டம். ரஹீம் இரண்டு பேரையும் தினம் தினம் பிராக்டீஸில் பார்த்தவர். தன் உடம்பு போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், தங்கத்துக்கான ஆட்டத்தில், ஒரு லட்சம் பேர் கத்தும்போது, அவருக்குக் கோலில் தேவைப்பட்ட ஆள் யார் என்று முடிவு செய்தார். படம் இல்லை, எண் இல்லை. ஆனால் அந்த விஷயத்தில் ரஹீமைவிடப் பெரிய சாட்சி யாரை நான் கூட்டி வர முடியும்?

இதைத் தம்பியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தான். "பர்மனுக்கு எப்பிடி இருந்திருக்கும்ணா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை அது எனக்குள் இருக்கிறது.

நேரில் பார்த்தவர்கள் என்று சொல்கிறோமே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூலை 4 அன்று நானும் வங்கி நண்பனும் ரயிலேறி பெங்களூரு போனோம். கண்டீரவா ஸ்டேடியம், தெற்காசியப் போட்டியான சாஃப் இறுதியாட்டம், குவைத்துக்கு எதிராக. 1-1. பெனால்டி. மூன்று நாள் முன்னால் லெபனான் அரையிறுதியும் பெனால்டியில்தான் முடிந்திருந்தது. இந்த முறை ஐந்து ஐந்து அடித்தும் முடியாமல் ஆறாவதுக்குப் போனது. மகேஷ் அடித்தார். குவைத்தின் ஆள் வந்தார். எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் பார்த்தது மனிதர்களின் தலைகளை. பிறகு ஒரு ஓசை. அந்த ஓசையில்தான் குர்பிரீத் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். ஸ்டேடியம் முழுக்க ரஹ்மானின் வந்தே மாதரம் எழுந்தது, அழுதேன். அந்தத் தடுப்பை நான் உண்மையில் கண்டது திரும்பி வரும் ரயிலில், நண்பனின் மொபைலில். இன்றைக்கு யாராவது கேட்டால் விவரமாகச் சொல்வேன், அங்கே இருந்தவன் என்ற முறையில். ஆனால் நான் சொல்வது அந்த வீடியோவை.

தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை. முதுகைப் பார்த்தார், முதுகு என்று சொல்கிறார். எழுபது வருஷம் கழித்தும் அதில் ஒரு முகத்தை ஒட்ட வைக்கவில்லை. அவர் சாட்சியத்தை நான் நம்புவதற்கு அதுதான் காரணம்.

ஜகார்த்தாவில் ஆடிய பி.கே.யும் சுனியும் 2020இல் ஒரே கோடையில் போனார்கள், ஒருவர் மார்ச்சில், ஒருவர் ஏப்ரலில். பலராம் 2023இல். இப்படி ஒவ்வொருவராகப் போவதாலோ என்னவோ, ஒரு ஞாயிறு தம்பி தன் மொபைலைப் பெஞ்சில் வைத்து ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, "தாத்தா, வெலிங்டன்ல இருந்து ஆரம்பிங்க" என்றான். நாற்பது நிமிடத்துக்கு மேல் பேசினார். நடுவில் லாரி ஹாரன், டீ ஆற்றும் சத்தம், ஆட்டோ அண்ணன் "அப்புறம்?" என்று கேட்பது எல்லாம் அதில் இருக்கிறது. பனி இறங்கினால் எதிர் கோல் தெரியாதாம். பந்து வருவதற்கு முன்னால் சத்தம் வருமாம். அந்தச் சத்தத்துக்கே முன்னால் இருக்கும் முதுகு இறுகுமாம். அதைப் பார்த்து இவர்களுக்குப் பந்து வருகிறது என்று தெரியுமாம்.

ஆகஸ்டில் காலித் ஜமீல் தேசிய அணிக்குக் கோச்சாக வந்தார். குர்பிரீத்தைத் திரும்ப அழைத்தார். செப்டம்பர் 8, மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் மூன்றாவது இடத்துக்கான ஆட்டம், ஓமனுக்கு எதிராக. 1-1, மறுபடி பெனால்டி, கடைசி அடியை குர்பிரீத் தடுத்தார், 3-2. மறுநாள் தம்பி டீக்கடைக்கு ஓடி வந்தான். வாயால் எதுவும் சொல்லாமல் மொபைலைத் தாத்தா கையில் கொடுத்தான். தாத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு முறை.

"ஆளு நல்ல உசரம்" என்றார். பிறகு, "பின்னாடி இருந்து எடுத்தது இல்லையா?"

"எதுக்கு தாத்தா?"

"முதுகு பாக்கணும்."

தம்பி தேடினான். அவனிடம் இருந்தது எல்லாம் முன்னால் இருந்து எடுத்தது. "நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வாங்க தாத்தா" என்றான். "என் பின்னாடி நில்லுங்க."

மறுநாள் ஆறரை மணிக்கு நானும் போனேன். தாத்தா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார், சென்னை செப்டம்பரில். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், வலது கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வலை கிழிந்து ஒரு பக்கம் தொங்கியது. பசங்கள் ஒவ்வொருவராக ஷூட் பண்ணினார்கள். தம்பி நான்கைத் தடுத்தான். ஐந்தாவது அவன் விரலுக்கு எட்டாமல், வலையின் ஓட்டை வழியாக வெளியே வந்து சுவரோரமாக உருண்டது. "விடுங்க தாத்தா, நான் எடுக்கிறேன்" என்று தம்பி திரும்புவதற்குள், தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.